யார் சோறு? யார் குரல்?

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது நம் வீட்டுத் திண்ணைகளில் வளர்ந்த மொழி. உண்ட வீட்டுக்கு இரண்டகம் நினையாதே என்பது நம் தாய்மார் சோற்றோடு சேர்த்து ஊட்டிய பாடம். நன்றி மறந்தவனை ஊர் ஏசும். நன்றி காத்தவனை ஊர் ஏத்தும். செஞ்சோற்றுக் கடனுக்காகக் களம் புகுந்து மாண்டவன் கர்ணன் என்று கதை சொல்லக் கேட்கும்போது, புராணத்தைப் புளுகென்று தள்ளும் நாமுங்கூட அவன்பால் சற்று இரக்கம் காட்டி விடுகிறோம்.

ஆயின், அந்த நன்றியே நஞ்சாகும் வேளையும் உண்டோ? நல்லவர் ஒருவரின் நற்பண்பே, அவரை நம்பி நிற்கும் நலிந்தவர்க்குக் கேடாய் முடிவதும் உண்டோ? உண்டு என்கிறோம். எங்கோ படித்ததைக் கொண்டு சொல்லவில்லை. நம் கையாலேயே அந்தக் கேட்டைச் செய்துவிட்டுச் சொல்கிறோம்.

பள்ளி ஆசிரியராய்ப் பணியேற்ற முதல் ஆண்டு. பொங்கலுக்கு முன்னாள், மாணவன் ஒருவனின் தந்தை வீடு தேடி வந்து ஒரு பேனா கொடுத்தார். கடை வைத்திருப்பவர், கனிந்த மனத்தினர். "வாத்தியாருக்கு ஏதோ நம்மால் ஆனது" என்றார். கைம்மாறு எதுவும் கேட்கவில்லை. கேட்கும் எண்ணமும் அவருக்கு இல்லை. ஆண்டுத் தேர்வு வந்தது. 42 தாள்களைத் திருத்தினோம். அவர் மகன் தாளில் 33 மதிப்பெண். தேர்ச்சிக்கு 35 வேண்டும். பேனா ஒரு கணம் நின்றது. தாளை மீண்டும் ஒருமுறை படித்தோம். ஒரு விடையில் ஒன்று, மற்றொன்றில் ஒன்று, கொடுக்கக்கூடிய இடமாகவே தென்பட்டது. கொடுத்தோம். பொய் எழுதவில்லை, கணக்கைத் திரிக்கவில்லை. இன்னொரு முறை படித்தோம், அவ்வளவே. ஆனால் மற்ற 41 தாள்களையும் நாம் இன்னொரு முறை படிக்கவில்லை. அவற்றுள் ஒன்றில், கூலிக்காரர் ஒருவரின் மகனும் அதே 33 மதிப்பெண் பெற்றிருந்தான். அவன் தவறினான்.

பேனா பெற்றவர் நாம். அதற்கு விலை கொடுத்தவன் அந்தப் பையன். இதனை உணர்ந்தபோது தேர்வு முடிவு ஒட்டப்பட்டாயிற்று.

இந்தச் சிறு பேனாவை நெஞ்சில் வைத்துக்கொண்டு, கடல் கடந்து அமெரிக்க நாடு சென்று, இதனினும் பன்மடங்கு பெரியதோர் பேனாவைக் காண்போம். மருந்துக் கம்பெனிகள் மனநோயாளர் சங்கங்களுக்குப் பொருள் வழங்கும் வழக்கம் ஓங்கி வளர்ந்ததும் அங்கே. அதன் கணக்குகள் வெளிச்சத்துக்கு வந்ததும் அங்கே.

மனச்சிதைவு நோய் கொண்ட பிள்ளையைப் பெற்ற தாயின் நிலையை எண்ணிப் பாருங்கள். பிள்ளை தனக்குத் தானே பேசுகிறான். இல்லாத குரலுக்கு மறுமொழி சொல்கிறான். ஈன்றவளையே பகைவி என்கிறான். அந்தத் துயரம் போதாதென்று அன்றைய மருத்துவ உலகம் மற்றொரு துயரத்தையும் அவள் தலையில் ஏற்றிற்று. 1948ஆம் ஆண்டு ஃபிரீடா ஃபிரோம்-ரைக்மன் என்ற மனநல மருத்துவர், மனச்சிதைவை விளைவிக்கும் தாய் என்றொரு சொல்லை எழுதினார். தாயின் போக்கே பிள்ளையின் நோய்க்கு வேர் என்ற கருத்து அதனின்று படர்ந்தது. ஆண்டுகள் பல கடந்தும், அமெரிக்கத் தாய்மார் மருத்துவர் முன்னே குற்றவாளிகள் போல் அமர்ந்திருந்தனர். பேய் பிடித்தது என்றால் மந்திரவாதியையாவது நோகலாம். தாய் பிடித்தது என்றால் அவள் யாரை நோவது?

இந்த அநீதியைச் சுமந்த குடும்பங்கள் 1979ஆம் ஆண்டு விஸ்கான்சின் மாநிலத்து மாடிசன் நகரில் கூடி, மனநோயாளர்க்கான தேசியக் கூட்டணி என்ற அமைப்பைக் கண்டன. 'நாமி' என்று சுருக்கமாய் வழங்கும் அந்த அமைப்பு, நாடெங்கும் கிளை பரப்பிற்று. நோயாளியை இகழாதே என்றது; குடும்பத்தைப் பழிக்காதே என்றது; உடல் நோய்க்குத் தரும் காப்பீட்டை மன நோய்க்கும் தா என்று வாதாடிற்று. 1996லும் 2008லும் அந்நாட்டில் அதற்கென வந்த சட்டங்களுக்குப் பின்னே இத்தகைய சங்கங்களின் உழைப்பு இருந்தது. இதனைப் பாராட்டாமல் மேலே செல்வது முறையன்று.

இந்தக் குடும்பங்களுக்கு ஆறுதல் தந்த ஒரு சொல், இது மூளையின் நோய், எவர் குற்றமும் அன்று என்பது. தாயின் தலையிலிருந்து பழியை இறக்கி வைத்த சொல் அது. அதே சொல் வேறொருவர்க்கும் இனித்தது. மூளையின் நோய் என்றால் மூளைக்கு மருந்து வேண்டும். மருந்து விற்பவர்க்கு இதனினும் இனிய செய்தி ஏது? தாயின் ஆறுதலும் கம்பெனியின் ஆதாயமும் ஒரே சொல்லில் வந்து கூடின. இதனை வெறும் கையூட்டு என்று சொல்லிக் கடந்து விடுதல் தவறு. கையூட்டில் கொடுப்பவனும் அறிவான், வாங்குபவனும் அறிவான். இங்கே இருவருமே தாம் நல்லது செய்வதாக எண்ணினர்.

1999ஆம் ஆண்டு 'மதர் ஜோன்ஸ்' என்ற அமெரிக்க ஏடு ஒரு கணக்கை வெளியிட்டது. 1996 முதல் 1999ஆம் ஆண்டின் நடுப்பகுதி வரை, 18 மருந்துக் கம்பெனிகள் இந்தக் கூட்டணிக்கு அளித்த தொகை 1 கோடியே 17 இலட்சம் டாலர். அவற்றுள் முதலிடம் எலி லில்லி கம்பெனிக்கு. அது மட்டும் 28 இலட்சம் டாலருக்கு மேல் தந்திருந்தது. மனச்சோர்வுக்கு 'புரோசாக்', மனச்சிதைவுக்கு 'சைப்ரெக்சா' என்று விற்ற கம்பெனி அது. பணத்தின் பின்னே ஆளும் வந்தார். லில்லியின் அலுவலர் ஒருவர், லில்லியிடமே சம்பளம் பெற்றுக்கொண்டு, கூட்டணியின் தலைமை நிலையத்தில் பணி புரிந்தார் என்று அந்த ஏடு எழுதிற்று.

பத்தாண்டுகள் கழித்து, 2009இல், செனட் சபை உறுப்பினர் சார்லஸ் கிராஸ்லி கணக்கைக் கேட்டு மடல் விடுத்தார். அதே ஆண்டு அக்டோபரில் 'நியூயார்க் டைம்ஸ்' நாளேடு விடையை வெளியிட்டது. 2006 முதல் 2008 வரை மூன்று ஆண்டுகளில் மருந்துக் கம்பெனிகள் தந்தது ஏறத்தாழ 2 கோடியே 30 இலட்சம் டாலர். கூட்டணி பெற்ற நன்கொடையில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு! நோயாளியின் பெயரால் பேசும் குரலுக்கு, நான்கு கவளத்தில் மூன்று கவளம் மருந்து விற்பவன் வீட்டுச் சோறு!

"அதனால் என்ன? சோறு யாருடையதாயினும் பேச்சு நேர்மையாக இருந்தால் போதாதா?" என்று கேட்பார் உண்டு. நேர்மையானவர்தாம் பேசினர் என்றே கொள்வோம். ஆயின் பேனாவின் கதையை நினைவிற் கொள்க. நேர்மை கெடுவது பொய்யினால் மட்டுமன்று. எதை இன்னொரு முறை படிக்கிறோம், எதை ஒரு முறையோடு விடுகிறோம் என்பதிலும் அது கெடும்.

சான்று காட்டுவோம். அமெரிக்காவில் ஏழைகளின் மருத்துவச் செலவை 'மெடிக்கெய்ட்' என்ற திட்டத்தின் வழியாக அரசு ஏற்கிறது. புதிய மனநோய் மருந்துகளின் விலை வானளாவ உயர்ந்தபோது, மாநில அரசுகள் சில, விலை குறைந்த மருந்தை முதலில் கொடுங்கள், அது பயன் தராவிட்டால் விலை மிகுந்ததைக் கொடுங்கள் என்று விதி செய்ய முற்பட்டன. கூட்டணி அதனை எதிர்த்தது. மருத்துவர் எதை எழுதுகிறாரோ அதைக் கொடுக்க வேண்டும் என்றது. இந்த வாதம் பொய்யன்று. ஒரு மருந்தில் தேறி நிற்கும் நோயாளியை மற்றொன்றுக்கு மாற்றினால் நோய் மீள்வதும் உண்டு; அந்த அச்சம் தாய்மாரின் உண்மையான அச்சம். ஆனால், கம்பெனிகளின் ஆதாயத்தைத் தொடும் இத்தகைய செய்திகளில், எப்படி வாதாட வேண்டும் என்ற யோசனையையும் கம்பெனிகளே கூட்டணிக்கு வழங்கி வந்தன என்பதை 2009இல் வெளியான ஆவணங்கள் காட்டின. சோற்றோடு சொல்லும் வந்தது.

தராசின் மறு தட்டில் இருந்தது என்ன? அந்நாட்டு அரசின் தேசிய மனநல நிறுவனம் தன் பொருளைச் செலவிட்டு, மனச்சிதைவு நோயாளர் ஏறத்தாழ 1,500 பேரைக் கொண்டு ஓர் ஆராய்ச்சி நடத்திற்று. முடிவு 2005இல் வெளியாயிற்று. 1950களில் புழக்கத்துக்கு வந்த பெர்ஃபெனசின் என்ற பழைய, மலிவான மருந்து, புதியனவும் விலை மிக்கனவுமான மருந்துகளில் பெரும்பாலானவற்றுக்கு இளைத்ததன்று என்று தெரிந்தது. ஒலான்சபின் என்ற மருந்தை, அதாவது சைப்ரெக்சாவை, நோயாளர் சற்று நீண்ட நாள் விடாது உண்டனர். ஆனால் உடல் பெருத்தலும் குருதியில் சர்க்கரை ஏறுதலும் அதில்தான் மிகுதி. நான்கில் ஏறத்தாழ மூவர், எந்த மருந்தாயினும், 18 மாதத்துக்குள் அதனை விட்டனர். புதுமருந்தே புதுவாழ்வு என்ற முழக்கத்துக்கும் நோயாளியின் அன்றாட வாழ்வுக்கும் எவ்வளவு இடைவெளி!

இந்த இடைவெளியை முதலில் எடுத்துக் கூற வேண்டியவர் யார்? மருந்து உண்டதால் உடல் பருக்கிறதே, நீரிழிவு வருகிறதே, ஏன் எங்களுக்கு முன்பே சொல்லவில்லை என்று கம்பெனியின் கதவைத் தட்ட வேண்டியவர் யார்? நோயாளியின் சங்கம் அன்றோ? 2009ஆம் ஆண்டு சனவரியில் எலி லில்லி, சைப்ரெக்சாவை ஒப்புதல் பெறாத பயன்களுக்காகப் பரப்பிய குற்றத்தை ஒப்புக்கொண்டு, 141 கோடியே 50 இலட்சம் டாலர் செலுத்த இசைந்தது. அதனைப் பிடித்தது அரசின் வழக்கு. அந்த நாளில் ஒரு நோயாளி தன் சங்கத்தை நோக்கி, "நீங்கள் யார் பக்கம்?" என்று கேட்டிருந்தால், "உன் பக்கம்" என்று சங்கம் கூறும் விடையை அவன் எப்படி நம்புவான்?

பள்ளிப் பிள்ளைகளின் வாழ்வைத் தொட்ட நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. அமைதியாய் இருக்க இயலாத, கவனம் நிலைக்காத பிள்ளைகளுக்கு 'ரிட்டலின்' என்ற மருந்தை அமெரிக்காவில் கொடுப்பர். பழக்கமாகிவிடும் இயல்புடைய மருந்தென்று அரசு அதனைக் கடுங்கட்டுப்பாட்டில் வைத்திருந்தது. 1994ஆம் ஆண்டு, அத்தகைய பிள்ளைகளின் பெற்றோர் நடத்திய 'சாட்' என்ற சங்கம், அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்துமாறு அரசை வேண்டிற்று. பிறகுதான் செய்தி வெளிவந்தது: 1991 முதல் 1994 வரை அந்தச் சங்கம் 7 இலட்சம் டாலருக்கு மேல் நன்கொடை பெற்றிருந்தது, கொடுத்தது ரிட்டலினைச் செய்த சீபா-கெய்கி கம்பெனி! போதைப்பொருள் தடுப்புத் துறை 1995இல் இதனைச் சுட்டிக் காட்டிற்று. கட்டுப்பாடு தளரவில்லை. பெற்றோரின் வேண்டுகோளில் நியாயம் இருந்திருக்கலாம். மாதந்தோறும் மருந்துச் சீட்டுக்கு அலையும் தொல்லை அவர்களுக்கு உண்மையாகவே இருந்தது. ஆனால் அந்த நியாயத்தையும் பணம் விழுங்கிவிட்டது. பெற்றோர் குரல் என்று எண்ணிக் காது கொடுத்தவர்கள், பின்னே கம்பெனியின் நிழலைக் கண்டதும் காதை மூடிக்கொண்டனர்.

இங்கேதான் கேட்டின் ஆழம் தெரிகிறது. விளம்பரம், தான் விளம்பரம் என்று நெற்றியில் எழுதிக்கொண்டு வருகிறது. அதனைக் கேட்பவன் பாதி நம்புவான், பாதி தள்ளுவான். சங்கத்தின் குரலோ, பட்டறிந்த தாயின் குரலாய், அதே நோயில் வீழ்ந்து எழுந்தவனின் குரலாய் வருகிறது. அந்தக் குரலின் விலை அதன் நம்பகத்தன்மையில் இருக்கிறது. அதனை ஈடு வைத்துப் பணம் பெற்றால், நாளை மருந்து நல்லது என்று சங்கம் உண்மையையே சொன்னாலும் எவர் நம்புவார்? பல நோயாளர்க்கு மருந்து உயிர்காக்கும் துணை என்பதில் ஐயமில்லை. "கம்பெனிக் காசுக்குச் சொல்கிறார்கள்" என்று எண்ணி அந்த மருந்தை ஒருவன் சாக்கடையில் எறிந்தால், அதன் விளைவைச் சுமப்பவன் அவனே.

ஆலை முதலாளி வாடகை கொடுக்கும் கட்டடத்தில் தொழிலாளர் சங்கம் நடந்தால் நாம் என்ன சொல்வோம்? முதலாளி நல்லவராக இருக்கலாம். சங்கச் செயலாளர் தூயவராக இருக்கலாம். எனினும் கூலி உயர்வு கேட்டு முழக்கமிடும் நாளில், செயலாளரின் தொண்டை ஒருமுறை கம்மும் அன்றோ? அந்த ஒரு கம்மலின் விலை, ஆயிரம் தொழிலாளரின் அடுப்பு.

எதிர்வாதம் ஒன்றுண்டு, வலுவுள்ள வாதம். "மனநோயாளர் குடும்பம் பெரும்பாலும் ஏழைக் குடும்பம். செல்வர் புற்றுநோய்க்குக் கொடுப்பர், இதயநோய்க்குக் கொடுப்பர், மனநோய் என்றால் முகம் திருப்பிக்கொள்வர். அரசும் கைவிட்டது. கம்பெனிப் பணத்தையும் தள்ளினால் சங்கம் சாகும். தொலைபேசியில் அழும் தாய்க்கு மறுமொழி சொல்ல ஆள் இராது. தூய்மை பேசிச் சாவதா, துணிந்து வாங்கி வாழ்வதா?" என்பர்.

இந்த வாதத்தை எள்ளி நகையாட நமக்கு உரிமை இல்லை. பசித்தவனிடம் பட்டினியின் பெருமையைப் பேசுவது பண்பாகாது. அவர்களை அந்த வாயிலில் கொண்டுபோய் நிறுத்தியது, மனநோயாளரை மறந்த சமுதாயம். அதில் நாமும் இருக்கிறோம். எனினும் அந்த வாதம் வாங்கியதன் காரணத்தைச் சொல்கிறதே அன்றி, வாங்கியதன் விளைவை மாற்றவில்லை. மேலும், வாங்காமல் வாழ்ந்தாரும் உண்டு. பிரிட்டனின் 'மைண்ட்' என்ற மனநலச் சங்கம், மருந்துக் கம்பெனிகளின் பணம் வேண்டாம் என்று கொள்கை வகுத்துக்கொண்டது. அமெரிக்காவிலேயே 1975இல் தோன்றிய தேசிய மகளிர் நல இணையம், மருந்து விற்பவரிடம் கை நீட்டுவதில்லை என்ற உறுதியோடு நின்றது. அரிது, ஆனால் ஆகாததன்று.

"எல்லாவற்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் தீர்ந்தது" என்பார் மற்றொரு சாரார். சொல்லத்தான் வேண்டும். 2009க்குப் பின் அமெரிக்கக் கூட்டணி, பெருந்தொகை கொடுத்தோர் பட்டியலை வெளியிடத் தொடங்கியது, நன்று. 2010ஆம் ஆண்டுச் சட்டம், மருத்துவருக்கும் போதனை மருத்துவமனைக்கும் கம்பெனிகள் கொடுப்பதைக் கணக்குக் காட்டச் செய்தது. நோயாளர் சங்கங்களுக்குக் கொடுப்பதை அது கேட்கவில்லை. 2017இல் வெளியான ஆய்வொன்று, பல்வேறு நோய்களுக்கான பெரிய சங்கங்கள் 104ஐ எடுத்துப் பார்த்தது. நூற்றுக்கு 83 சங்கங்கள் மருந்து, மருத்துவக் கருவிக் கம்பெனிகளிடம் பொருள் பெற்றவை. ஆகவே வெளிச்சம் வேண்டும். ஆனால் வெளிச்சம் கடனைக் காட்டும், கடனைத் தீர்க்காது. "பேனா வாங்கினேன்" என்று நாம் வகுப்பில் அறிவித்திருந்தால், தவறிய பையன் தேர்ச்சி பெற்றிருப்பானா?

வள்ளுவர் இதனை அறிந்திருந்தார் போலும். செய்ந்நன்றி அறிதல் திருக்குறளின் 11ஆம் அதிகாரம். 12ஆம் அதிகாரம் நடுவு நிலைமை. நன்றியைப் பேசி முடித்த உடனே நடுவு நிலைமையை ஏன் வைத்தார்? உரையாசிரியர் பரிமேலழகர் காரணம் கூறுகிறார்: நன்மை செய்தவரிடத்து அந்த நன்றியை நினைக்கும்போது நடுவு நிலைமை சிதையக்கூடும், அவ்விடத்தும் சிதையலாகாது என்பதற்காகவே இந்த வைப்பு என்பது அவர் கருத்து. பரிமேலழகரோடு நமக்குப் பிணக்கு உண்டு, பல இடங்களில். இந்த இடத்தில் இல்லை. நடுவு நிலைமைக்கு முதற்பகை பகைவனிடமிருந்து வருவதில்லை, கொடுத்தவனிடமிருந்து வருகிறது.

நன்றி, தனக்காகப் பேசுபவனுக்கு அணி. பிறர்க்காகப் பேசுபவனுக்கு அது பொறி. கர்ணன் உண்டான், உண்ட கடனைத் தன் உயிரால் தீர்த்தான். கடனும் அவனுடையது, உயிரும் அவனுடையது. சங்கத் தலைவரோ, தாம் வாங்கிய கடனை எவர் உயிரால் தீர்ப்பது? மருந்தின் கேட்டை உடலில் தாங்குபவன் தலைவரல்லர். விலையைச் சுமப்பதும் அவரல்லர். பிறர் குரலை ஏந்தி நிற்பவருக்கு, அக்குரலை ஈடு வைத்து நன்றி பாராட்டும் உரிமை இல்லை. அது அவருடைய சொத்தன்று.

அப்படியானால் செய்யத் தக்கது என்ன? இயன்றால் வாங்காதிருத்தல். இயலாவிடில், எந்த ஒரு கம்பெனி விலகினாலும் சங்கம் சாயாத அளவுக்கு மட்டும் வாங்குதல். வாங்கியதை உறுப்பினர் முன் அறிவித்தல். மருந்தின் விலை, மருந்தின் தீங்கு என்ற பேச்சு எழுமிடத்தில் கொடுத்தவரின் ஆளையும் யோசனையையும் வாயிலுக்கு வெளியே நிறுத்துதல். இவற்றுக்கெல்லாம் மேலாக, அந்தத் தாய்மார் கம்பெனியின் வாயிலில் நிற்க நேராதபடி, அரசும் பொதுமக்களும் சிறுகச் சிறுகவேனும் அவர்கள் கைக்குப் பொருள் சேர்த்தல். ஊர் கூடிச் சோறிட்டால், நன்றி ஊருக்கே உரியதாகும். அந்த நன்றி எவரையும் வளைக்காது.

பேனாவை நாம் திருப்பிக் கொடுத்தோம். கொடுத்தவர் முகம் வாடிற்று. "தப்பாகவா கொடுத்தேன், வாத்தியாரே?" என்றார். "இல்லை ஐயா, தவறு எங்களுடையது" என்றோம். அவருக்கு விளங்கிற்றோ இல்லையோ, அறியோம். மறு ஆண்டு, அந்தக் கூலிக்காரரின் மகன் அதே வகுப்பில், அதே பெஞ்சில் மீண்டும் அமர்ந்திருந்தான். தாள் திருத்தும் நாள் வரும்போதெல்லாம் அவன் முகமே முன்னே வந்து நிற்கிறது. பிறர்க்காகப் பேசும் பொறுப்பை ஏற்றவர் எவராயினும், எந்த நாட்டினராயினும், கை நீட்டும் முன் அத்தகைய ஒரு முகத்தை நினைத்துப் பார்க்கட்டும்.